வேலையின் எல்லையும் புறத்தாரும்

ஒரு வேலையைத் திட்டமிடுவோர் முதலாவது அதன் எல்லையை வரையறுத்தல் வழக்கம். ஆனால் எல்லைக்கு வெளியே நின்று வேலைக்கு வேண்டியதைக் கொடுப்போரும், பயனைப் பெறுவோரும், நஷ்டமடைவோரும் யாவரென்று ஆராய்தல் அரிதாகவே காணப்படுகின்றது.

சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும். 1734-ஆம் வருஷத்தில், கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியார் துணி வர்த்தகத்தை உத்தேசித்துக் கூவம் நதியின் வளைவில் இந்நெசவூரை அமைத்தனர். சின்னத் தறிப்பேட்டை என்பதே இப்பெயராய் மருவியதென்பர். நெசவு தறியோடு முடிவதென்று கொண்டு நெசவாளரை மட்டும் குடியேற்றியிருந்தால் பேட்டை நிலைத்திராது. நூல் வாராமல் தறி ஓடாது. வெளுப்பின்றித் துணி நல்விலை பெறாது. ஆகவே நூற்போர், வண்ணந்தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோருக்கும் இடமளிக்கப்பட்டது. கோயிற் பணியாளரும் விலக்கப்படவில்லை. கோயிலில்லா ஊரில் குடிகள் நிலைத்துத் தங்குவரோ? துணியை வாங்கிய அயல்நாட்டார் பேட்டையைக் கண்டவரல்லர். ஆயினும் அவர் விருப்பத்தை மறந்து நெய்த துணி தேங்கியே கிடக்கும்.

இன்னொருவரும் உண்டு. அந்நிலம் முன்னர்க் கம்பெனியின் தலைமை வணிகராயிருந்த சுங்குராமருடைய தோட்டம். பேட்டையால் இழந்தவர் அவர். இழப்போரின் பெயரே ஜாபிதாவில் பெரும்பாலும் விடுபடுகின்றது.

ஏரி மராமத்தில் இத்தவறு நேர்தல் எளிது. கலங்கலை ஓரடி உயர்த்தினால் ஆயக்கட்டுதாரருக்கு நீர் மிகும். ஆனால் நீர்ப்பிடிப்பின் மேல்விளிம்பிலுள்ள பட்டா நிலம் மூழ்கலாம். உபரிநீரை எதிர்நோக்கும் கீழ் ஏரியார்க்கு வரவு குறையும் அல்லது தாமதிக்கும். இவ்விரு திறத்தாரும் அவ்வாயக்கட்டில் சேர்ந்தவரல்லர். ஆதலால் ஊர்க் கூட்டத்திற்கு அழைக்கப்படுவதுமில்லை. கரை முடிந்தபின் அவர்கள் மனுவோடு வருவர். அப்போது கட்டிய கலங்கலை இடிப்பதா, வழக்காடுவதா என்பதே கேள்வியாகும். மீன் குத்தகைதாரர், வண்டல் எடுக்கும் குயவர், கால்நடை வைத்திருப்போர் ஆகியோரின் காரியம் பெரும்பாலும் நாள் குறிப்பதைப் பற்றியதே, முன்னறிவிப்பால் தீர்ந்துவிடும்.

எல்லாரையும் சேர்க்கவேண்டுமென்பதில்லை. விளைந்த நெல்லை உண்பவரையெல்லாம் எண்ணப் புகுந்தால் மராமத்து தொடங்காது. நீர், மண், பணம், உத்தரவு ஆகியவற்றில் எது எல்லைக்குள் யாரிடமிருந்து வருகின்றது, எது யாரிடம் போகின்றது, வேலையால் யார் நிலத்தின் நிலைமை மாறுகின்றது என்று கேட்டால் உரியவர் அகப்படுவர். கிராம அதிகாரிகள் இதனை எஸ்டிமேட் தயாராகுமுன், மேல் ஏரி கீழ் ஏரி இரண்டும் காணும் படத்தை வைத்துக்கொண்டு செய்தல் நலம். கலங்கலின் உயரம் குறித்துக் கையொப்பமான பின் அதைக் குறைப்பது கடினம்.