மெயில் வந்தாச்சு, அட்ரஸ் எல்லாம் எங்கே போச்சு?

தங்கச்சி, முதல்ல கையைக் கொஞ்சம் கட்டி வை. ஃபார்மட் பண்ணி புது ஓஎஸ் போட்ட சிஸ்டத்தைத் திறந்ததும் காண்டாக்ட்ஸ் பக்கம் காலியா இருந்தா, எல்லாரும் உடனே செய்யறது மெயில் அக்கவுண்ட்டை நீக்கிட்டுத் திரும்பச் சேர்க்கிறது. இன்னும் சிலர் இணையத்துல கிடைச்ச ஏதோ ஒரு 'ரெக்கவரி' சாஃப்ட்வேரை அதே சி டிரைவ்ல இறக்கிடுவாங்க. ரெண்டுமே வேண்டாம். மிச்சம் இருக்கறதையும் அழிக்கக்கூடிய வேலை அது. உன் அட்ரஸ்கள் இதுவரைக்கும் எங்கே குடியிருந்ததுன்னு கண்டுபிடிக்கறதுதான் முதல் வேலை.

"இன்பாக்ஸ்ல அஞ்சு வருஷத்து மெயில் அப்படியே வந்துடுச்சு, காண்டாக்ட்ஸ் மட்டும் எப்படிக்கா காணாமப் போகும்?"னுதான் எல்லாரும் கேக்கறாங்க. காரணம் இருக்கு. மெயில் வந்து போற வழியும் அட்ரஸ் புக் வந்து போற வழியும் வேற வேற. ஐமேப், பாப்னு செட்டிங்ஸ்ல பார்த்திருப்பியே, அந்த ரெண்டும் மெயிலை மட்டும்தான் தூக்கிட்டு வரும். காண்டாக்ட்ஸ் அதுல ஏறாது. ஜிமெயில், அவுட்லுக் டாட் காம் மாதிரி அக்கவுண்ட்ல காண்டாக்ட்ஸுக்குத் தனியா சிங்க் இருக்கும். கடை பேர்ல, கம்பெனி பேர்ல டொமைன் வாங்கி, அந்த மெயிலை ஐமேப்ல அவுட்லுக்குக்குள்ள இழுத்து வச்சிருந்தா, நீ சேர்த்த அட்ரஸ் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருந்திருக்கும். அவுட்லுக்கே அந்த ஃபோல்டருக்குப் பக்கத்துல 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி'ன்னு எழுதியிருக்கும். அதை யாரு படிக்கறா!

அதனால முதல்ல பிரவுசர்ல போய்ப் பாரு. ஜிமெயில்னா கூகுள் காண்டாக்ட்ஸ் பக்கத்தைத் திற. அங்கே பேர்கள் இருந்தா கவலையே இல்லை, சிஸ்டத்துல சிங்க்கை ஆன் பண்ணினாப் போதும். இடது பக்கம் 'அதர் காண்டாக்ட்ஸ்'னு ஒண்ணு இருக்கும், அதையும் பாரு. நீ சேவ் பண்ணாமலே மெயில் அனுப்பின ஆட்கள் அதுல கிடப்பாங்க. காலியான லிஸ்ட் சிங்க் ஆகி அங்கேயும் அழிஞ்சிருந்தா, 30 நாளுக்குள்ள 'அண்டூ சேஞ்சஸ்' கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம். ஆனா அது மொத்த லிஸ்ட்டையும் அந்த நாளுக்கே இழுத்துட்டுப் போயிடும். நடுவுல புதுசா சேர்த்ததெல்லாம் போயிடும். அதனால இப்ப இருக்கறதை எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுட்டு அண்டூ பண்ணு. ஐபோன் வச்சிருக்கிறவங்களுக்கு ஐகிளவுட் டாட் காம்ல 'டேட்டா ரெக்கவரி'ன்னு இதே மாதிரி வழி உண்டு. கையில இருக்கற போனையும் மறக்காதே. சிஸ்டத்துல காணோம்னு அழுதுட்டு இருப்போம், போன்ல எல்லாப் பேரும் பத்திரமா இருக்கும்.

ஆன்லைன்ல எதுவும் இல்லைன்னா அட்ரஸ் எல்லாம் பழைய டிஸ்க்லதான் இருந்திருக்கு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்தினதால, பழைய சிஸ்டத்தைக் கடையில கொடுத்துப் புது ஓஎஸ் போடறவங்க கையில இந்தப் பிரச்சினை நிறைய வருது. சர்வீஸ் பண்ற பையன் "பேக்கப் எடுத்துட்டேன்கா"ன்னு சொன்னா அவன் பொய் சொல்லலை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், போட்டோஸ், டவுன்லோட்ஸ் எல்லாத்தையும் எடுத்திருப்பான். 'ஆப்டேட்டா'ன்னு ஒரு ஃபோல்டர் மறைஞ்சே இருக்கும், அது அவன் கண்ணுல பட்டிருக்காது. மெயில் புரோகிராம்கள் தங்கள் சொத்தைப் பெரும்பாலும் அங்கேதான் வச்சிருக்கும்.

அதனால சி டிரைவைத் திறந்து, 'விண்டோஸ் டாட் ஓல்ட்'னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு இன்னிக்கே பாரு. நாளைக்குன்னு தள்ளாதே. டிஸ்க்கை ஃபார்மட் பண்ணாம மேலேயே ஓஎஸ் போட்டிருந்தா, இல்லை அப்கிரேட் பண்ணியிருந்தா, பழைய சிஸ்டம் மொத்தமும் அதுக்குள்ள இருக்கும். அப்கிரேட் பண்ணினதுன்னா 10 நாள்ல விண்டோஸே அதை அழிச்சிடும். இடம் பத்தலைன்னு 'டிஸ்க் கிளீனப்' ஓட்டினாலும் போயிடும். உள்ளே போய் யூசர்ஸ், அதுல உன் பேர், அதுல ஆப்டேட்டா. தெரியலைன்னா வியூ மெனுவுல 'ஹிட்டன் ஐட்டம்ஸ்'ஐ டிக் பண்ணு. அந்த யூசர் ஃபோல்டரை முழுசா ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி பண்ணிட்டுத்தான் மத்த வேலை.

அவுட்லுக் ஆசாமின்னா நீ தேடவேண்டியது பிஎஸ்டி ஃபைல். ஆப்டேட்டாவுக்குள்ள லோக்கல், மைக்ரோசாஃப்ட், அவுட்லுக்னு போனா இருக்கும். இல்லைன்னா டாக்குமெண்ட்ஸ்ல 'அவுட்லுக் ஃபைல்ஸ்'க்குள்ள இருக்கும். கிடைச்சதும் அதைப் புது சிஸ்டத்துல காப்பி பண்ணி, அவுட்லுக்ல 'ஓபன் அண்ட் எக்ஸ்போர்ட்' வழியா திற. பென் டிரைவ்ல வச்சபடியே திறக்காதே. திறக்க மாட்டேன்னு அடம்பிடிச்சா, ஆபீஸ் கூடவே வர்ற 'ஸ்கேன்பிஎஸ்டி'யை அந்தக் காப்பி மேல ஓட்டிப் பாரு. ஓஎஸ்டி ஃபைல் மட்டும்தான் கிடைச்சுதுன்னா அது அவ்வளவு சுலபமில்லை. பிஎஸ்டி மாதிரி அதை நேரடியாத் திறக்க முடியாது.

காண்டாக்ட்ஸ் ஃபோல்டர்ல பேர் எல்லாம் இருக்கு, ஆனா மெயில் எழுதும்போது 'டு' பட்டனை அழுத்தினா ஒண்ணுமே காட்டலைன்னா, அது தொலைஞ்சதே இல்லை. அந்த ஃபோல்டர்மேல ரைட் கிளிக், புராபர்ட்டீஸ், 'அவுட்லுக் அட்ரஸ் புக்' டேப், அதுல இருக்கற டிக். அவ்வளவுதான்.

தண்டர்பேர்டுன்னா எனக்கு நிம்மதி. ஆப்டேட்டாவுல ரோமிங், தண்டர்பேர்டு, புரொஃபைல்ஸ். அங்கே 'ஏபுக்'னு ஒரு எஸ்க்யூலைட் ஃபைல் உன் அட்ரஸ் புக், 'ஹிஸ்டரி'ங்கறது அதுவா சேர்த்து வச்ச அட்ரஸ்கள். தண்டர்பேர்டை மூடிட்டு ரெண்டையும் புது புரொஃபைல் ஃபோல்டர்ல போட்டா வந்து உக்காந்துடும்.

ஒண்ணுமே கிடைக்கலைன்னாலும் வழி இருக்கு. நீ அனுப்பின மெயில் இருக்கில்லையா? ஒவ்வொரு மெயில்லயும் யாருக்கு அனுப்பினேங்கறது இருக்கு. அவுட்லுக்ல 'சென்ட் ஐட்டம்ஸ்'ஐத் தேர்ந்தெடுத்து சிஎஸ்வியா எக்ஸ்போர்ட் பண்ணு. யாருக்குங்கற பேரும் அட்ரஸும் தனித்தனிக் காலமா வந்து விழும். எக்ஸெல்ல திறந்து அந்த ரெண்டு காலத்தை மட்டும் வச்சுக்கோ. ஒரே மெயிலைப் பல பேருக்கு அனுப்பியிருந்தா அரைப்புள்ளி போட்டு ஒரே கட்டத்துல நெருக்கியடிச்சு நிக்கும், 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்'ல பிரிச்சிடு. அப்புறம் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்'. உக்காந்து செஞ்சா ஒரு சாயங்காலத்துல முடியும். துணி சப்ளை பண்றவர், பொண்ணோட காலேஜ் ஆபீஸ், கனடாவுல இருக்கற அத்தை பையன்னு உனக்கு உண்மையிலேயே வேண்டிய ஆள் எல்லாம் இதுல இருப்பாங்க. நீயே எழுதி அனுப்பினவங்கதானே.

டேட்டா ரெக்கவரிக்குப் பணம் கட்டறதைக் கடைசியா வச்சுக்கோ. எஸ்எஸ்டி டிஸ்க்ல அழிச்ச ஃபைல் இருந்த இடத்தை 'டிரிம்'ங்கற வசதி சீக்கிரமே துடைச்சிடும், அதனால மீட்கற வாய்ப்பு குறைவு. பழைய ஹார்ட் டிஸ்க்னா கொஞ்சம் நம்பிக்கை உண்டு. ஆனா அழிஞ்சது தெரிஞ்ச நிமிஷத்துலேருந்து அதுல எதையும் எழுதக்கூடாது, மீட்டெடுக்கறதையும் வேற டிஸ்க்லதான் போடணும். மைக்ரோசாஃப்டோட 'விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி' இலவசம்தான். கட்டளை டைப் பண்ணணும், அதனால தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கட்டும். அட்ரஸுக்காக மட்டும் ஆயிரக்கணக்குல செலவு பண்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன். சென்ட் ஐட்டம்ஸ் இருக்கும்போது அது வீண்.

மீட்டதை வச்சு பேக்கப் எடுக்கும்போது எக்ஸெல் கிட்ட ஜாக்கிரதை. பேக்கப் சிஎஸ்வியை ரெட்டைக் கிளிக் பண்ணித் திறந்து சேவ் பண்ணிடாதே. 91-ல ஆரம்பிக்கற 12 இலக்க போன் நம்பரை அது 9.19, பக்கத்துல ஒரு ஆங்கில ஈ, அப்புறம் +11-னு சுருக்கிக் காட்டும். அப்படியே சேவ் பண்ணினா மிச்ச இலக்கம் போனது போனதுதான். தமிழ்ல எழுதின பேர்களும் புரியாத கிறுக்கலா மாறிடும். பார்க்கணும்னா நோட்பேட்ல திறந்து பாரு. 'விகார்ட்'னு விசிஎஃப் ஃபைலாவும் ஒரு காப்பி எடு. போன், ஜிமெயில், அவுட்லுக், தண்டர்பேர்டு எல்லாத்துக்கும் அது பழக்கம். ஃபைல் பேர்லயே தேதியைப் போட்டு, பென் டிரைவ்ல ஒண்ணு, உன்னோட இன்னொரு மெயிலுக்கு ஒண்ணு அனுப்பி வை.

அடுத்த தடவை சிஸ்டத்தைக் கடையில கொடுக்கும்போது, "யூசர் ஃபோல்டரை முழுசா, மறைஞ்சிருக்கற ஆப்டேட்டாவையும் சேர்த்துக் காப்பி பண்ணுங்க தம்பி"ன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி லேப்டாப் மேலயே ஒட்டிக் கொடு. வாங்கும்போது அங்கேயே அந்தக் காப்பியைத் திறந்து, ஆப்டேட்டா இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் பணத்தைக் கொடு.