வாயுத் தொல்லையா, மனச்சோர்வா?

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பேசியதெல்லாம் கணவர்தான். "டாக்டர், இவளுக்கு வாயு. கழுத்துல பிடிக்குது, நெஞ்சை அடைக்குது, சாப்பாடே இறங்கல." கையில் ஒரு கட்டு ரிப்போர்ட். இ.சி.ஜி., எண்டோஸ்கோபி எல்லாமே நார்மல். நாடி பார்த்தேன். வளி மிகுந்திருப்பதாகப் பட்டது. அமுக்கராச் சூரணத்தைப் பாலில் கலந்து சாப்பிடச் சொன்னேன். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. உடம்பு இளைத்ததே தவிர தொல்லை குறையவில்லை.

மூன்றாவது மாதம் அந்த அம்மா தனியாக வந்தார்.

"தூக்கம் எப்படிம்மா?"

"படுத்தா வந்துடுது டாக்டர். மூணு மணிக்கு முழிச்சா அப்புறம் வராது. விடியப் போகுதேன்னு நினைச்சாலே பயமா இருக்கு."

"முன்னாடி ஆசையா செஞ்சது எதையாவது இப்ப விட்டுட்டீங்களா?"

"வாசல்ல பெரிசா கோலம் போடுவேன். இப்ப தண்ணி தெளிக்கறதோட சரி."

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. கேட்காதது என் தப்பு. அவருக்கு இருந்தது மனச்சோர்வு நோய்.

நம் வீடுகளில் 'மனசு சரியில்லை' என்று சொல்லக் கூச்சம். 'வாயு' என்று சொல்லக் கூச்சமில்லை. அதற்காக, வலியை நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மனச்சோர்வில் உடம்பு நிஜமாகவே வலிக்கும், பசி போகும், மலம் கட்டும். அப்படியானால் சாதாரண வருத்தத்திலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? வருத்தப்படுகிறவர் பேரப்பிள்ளை வந்தால் கொஞ்சமாவது சிரிப்பார். நோய் வந்தவருக்கு எதுவும் ருசிக்காது. மனம் கனத்துக் கிடப்பது அல்லது எதிலும் ஆர்வம் அற்றுப்போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இரண்டு வாரத்துக்குக் குறையாமல், அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி இருக்கும். கூடவே தூக்கக் கேடு, அசதி, கவனம் நிற்காமை, 'எல்லாம் என்னாலதான்' என்ற குற்ற உணர்ச்சி. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 சத்துக் குறைவு இவையும் கிட்டத்தட்ட இப்படியே காட்டும். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுவது நல்லது.

பதற்ற நோய் வேறு மாதிரி. திடீரென்று நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு முட்டும், 'இதோ செத்தேன்' என்று தோன்றும். சில நிமிஷங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே தணியும். ஆனால் முதல் தடவை இப்படி வரும்போது 'மனசுதான்' என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். யாரும் பேசாதபோது குரல் கேட்பது, வீட்டாரையே சந்தேகிப்பது, சாப்பாட்டில் விஷம் என்பது போன்றவை மனச்சிதைவின் அடையாளமாக இருக்கலாம். அவரோடு வாதாடிப் பயனில்லை. சீக்கிரம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சித்த நூல்களில் மனநோய்களைக் 'கிரிகை' என்ற பெயரில் 18 வகையாகப் பிரித்திருப்பதைப் பாளையங்கோட்டையில் படிக்கும்போது பாடமாகவே படித்தோம். நோய் என்று அன்றே எழுதி வைத்தும், நாம் பேய், செய்வினை என்று அலைகிறோம். 2001 ஆகஸ்ட் 6-ந்தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் கருகியவர்கள் 28 பேர். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ம் வருட மனநலச் சட்டமே தடுக்கிறது.

அந்த அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டேன். "செத்துட்டா தேவலைன்னு தோணுதாம்மா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பசங்க முகத்தைப் பார்த்துத்தான் இருக்கேன்" என்று அழுதுவிட்டார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது, பாரம்தான் குறையும். 'ஆமாம்' என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளைக் கைக்கு எட்டாதபடி வையுங்கள். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

கணவரை வரவழைத்து, இருவரையும் அரசு ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். என் சூரணத்தை நிறுத்தினேன். அமுக்கரா தூக்கத்தைக் கூட்டும், தைராய்டையும் பாதிக்கலாம். அந்த டாக்டருக்குத் தெரியாமல் இரண்டையும் கலந்து சாப்பிடுவது ஆபத்து. நீங்களும் எந்த நாட்டு மருந்து சாப்பிட்டாலும் அவரிடம் மறைக்காதீர்கள்.

பத்தாம் நாள் கணவர் போன் பண்ணினார். "குமட்டல்தான் மிச்சம் டாக்டர், நிறுத்திடட்டுமா?" கூடாது என்றேன். மனச்சோர்வு மாத்திரை பலன் காட்டவே இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பலன் தெரியும் முன்பே குமட்டல் வரும். பெரும்பாலும் சில நாளில் அடங்கும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பழக்கமாகிவிடுமோ என்ற பயம் தூக்க மாத்திரைகளில் சிலவற்றுக்குத்தான் பொருந்தும். ஆனாலும் இதைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாத்திரையோடு, மனம் விட்டுப் பேசும் ஆலோசனைச் சிகிச்சையும் உண்டு. லேசான மனச்சோர்வுக்கு அது மட்டுமே போதுமானதாகவும் இருக்கலாம்.

ஆறாவது வாரம் அந்த அம்மா வந்தபோது கணவர் பேசவில்லை, அவரே பேசினார். மாத்திரையை டாக்டர் சென்ற வருடம் குறைத்து நிறுத்திவிட்டார். இப்போது என்னிடம் முழங்கால் வலிக்கு வருகிறார். வரும்போதெல்லாம் தூக்கத்தைப் பற்றி முதலில் கேட்டுவிடுகிறேன்.