எந்த வரிசையில் நிற்பது? கேளிக்கைப் பூங்காக் காத்திருப்புக்கு ஒரு வழிகாட்டி

கேளிக்கைப் பூங்காவில் ஒரு சவாரிக்காக எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதை வரிசையின் நீளம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அச்சவாரி ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறது என்பதும், அந்த இருக்கைகள் எந்தெந்த வரிசைக்கு எந்த விகிதத்தில் பங்கிடப்படுகின்றன என்பதும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. வரிசையில் நிற்போரின் சராசரி எண்ணிக்கை, வந்துசேரும் வேகத்தைச் சராசரிக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கக் கிடைப்பதற்குச் சமம் என்று ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய தேற்றம் பூங்காக்களுக்கும் பொருந்தும். ஒருவருக்கு முன்னால் 600 பேர் நிற்க, சவாரி மணிக்கு 1,200 பேரை ஏற்றுமானால் அவருடைய முறை அரை மணியில் வந்துவிடும். அதே சவாரியில் நான்கில் மூன்று பங்கு இருக்கைகள் கட்டண வரிசைக்கு ஒதுக்கப்பட்டால், அதே 600 பேருக்குப் பின்னால் நிற்பவர் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். கட்டண விரைவு வரிசை காத்திருப்பைக் குறைப்பதில்லை, ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு மாற்றுகிறது என்பதே தேர்வுக்கு முன் மனத்தில் இருத்த வேண்டிய அடிப்படை. திருமலையில் 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவு தரிசனத்தையும் சர்வ தரிசனத்தையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

கட்டணமற்ற பொது வரிசையைத் தேர்பவர் முதலில் சவாரியின் கொள்திறனை, அதாவது மணிக்கு எத்தனை பேரை ஏற்றுகிறது என்பதை, கவனிக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் 1971இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டத்தில் உள்ள ஹாண்டட் மேன்ஷன், நிற்காமல் சங்கிலிபோல் ஓடும் வண்டிகளால் மணிக்கு 2,000 பேருக்கு மேல் ஏற்றக்கூடியது. ஆகவே அதன் வரிசை வாயிலுக்கு வெளியே வழிந்தாலும் வேகமாக நகரும். அதற்கு நேர்மாறாக, அதே பூங்காவின் ஃபேன்டசிலேண்ட் பகுதியில் உள்ள பீட்டர் பான் சவாரியின் பறக்கும் கப்பல்கள் சிறியவை என்பதால், சவாரி மென்மையானதாக இருந்தும், வரிசை மலைப்பூட்டும். குறைந்த கொள்திறனும் மிகுந்த புகழும் ஒருங்கே அமைந்த சவாரிகளையே காலையில் முதலில் முடிக்க வேண்டும். கொள்திறன் மிக்கவற்றை நண்பகலுக்கு ஒத்திவைப்பதில் இழப்பில்லை.

வாயிலில் காட்டப்படும் காத்திருப்பு நிமிடங்களை எந்த அளவு நம்பலாம் என்பதும் இங்கே எழும் கேள்வி. டிஸ்னி பூங்காக்களில் வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் பணியாளர் எப்போதாவது ஒரு பார்வையாளரிடம் கயிற்றில் கோத்த சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்து, ஏறுமிடத்தில் ஒப்படைக்கச் சொல்வதுண்டு. அது கைமாறிய இரு நேரங்களுக்கும் இடையிலான வேறுபாடே அளவீடாகிறது. அறிவிக்கப்படும் எண் அந்த அளவீட்டைவிடக் கூடுதலாக இருப்பது அரிதன்று. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும் கைக்கு வேலையில்லாத காத்திருப்பும் நீண்டதாகத் தோன்றும் என்று டேவிட் மெய்ஸ்டர் 1985இல் எழுதியதை நினைத்தால், 60 என்று அறிவித்து 45இல் ஏற்றிவிடும் பூங்காவின்மீது எவருக்கும் கோபம் வராததன் காரணம் விளங்கும்.

கட்டண விரைவு வரிசையின் வரலாறு, அது தொடக்கத்தில் இலவசமாக இருந்தது என்பதை நினைவூட்டுகிறது. டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்னும் பெயரில், பின்னர் திரும்பி வருமாறு நேரம் அச்சிட்ட காகிதச் சீட்டைக் கட்டணமின்றி வழங்கியது. 2021இல் அதன் இடத்துக்கு வந்த ஜீனி பிளஸுக்கு ஃப்ளோரிடாவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலர் கேட்டது. 2024 ஜூலையில் அதுவே லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆயிற்று; அதன் விலை பூங்காவையும் நாளையும் பொறுத்து மாறும். டிஸ்னி விடுதிகளில் தங்குவோர் 7 நாள் முன்பும் மற்றோர் 3 நாள் முன்பும் மூன்று சவாரிகளை முன்பதிவு செய்யலாம். மிகப் புகழ்பெற்ற ஓரிரு சவாரிகளுக்குத் தனிச்சீட்டு வேறு வாங்க வேண்டும். விரும்பிய நேரத்தில் ஒவ்வொரு விரைவு வரிசையிலும் ஒருமுறை நுழைய இடமளிக்கும் பிரீமியர் பாஸ் 2024இன் பிற்பகுதியில் அறிமுகமானபோது, அதன் விலை 129 முதல் 449 டாலர் வரை இருந்தது. நால்வர் குடும்பம் அந்த உச்ச விலையைக் கொடுப்பது, வாங்கும் வசதி இருந்தாலும், அறிவுடைய செலவென்று கொள்வதற்கில்லை. கிறிஸ்துமஸ் வாரம் போன்ற நெரிசல் மிகுந்த நாளில் ஒரே ஒரு நாள் மட்டும் செல்வோருக்கு மல்டி பாஸ் தகும். கூட்டம் குறைந்த நாளில் அதே பணம் வீணாகும். யுனிவர்சல் பூங்காக்களின் எக்ஸ்பிரஸ் சீட்டு மல்டி பாஸைவிட விலை மிகுந்தது என்றாலும், ஆர்லாண்டோவில் அந்நிறுவனத்தின் உயர்நிலை விடுதிகள் சிலவற்றில் தங்குவோருக்கு அது அறைக் கட்டணத்திலேயே அடங்குவதால், விடுதிச் செலவையும் சீட்டுச் செலவையும் கூட்டிப் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். இந்தியாவில் வொண்டர்லா விற்கும் ஃபாஸ்ட்டிராக் நுழைவுச்சீட்டுக்கும் இதே கணக்குதான்: விடுமுறை நாளில் பயன், வாரநாளில் ஐயம்.

பலர் கண்டுகொள்ளாமல் கடந்துபோவது தனியாள் வரிசை. இருவர் அமரும் வரிசைகள் கொண்ட வண்டியில் மூவர் குழு ஏறினால் ஓர் இருக்கை காலியாகும். அதை நிரப்புவதற்கென்றே தனியாக வருவோரை வேறு வாயிலில் நிறுத்துகிறார்கள். கட்டணம் இல்லை, எவருடைய இருக்கையும் பறிபோவதில்லை, வண்டி காலி இடத்தோடு புறப்படாததால் பூங்காவின் மொத்தக் கொள்திறனும் கூடுகிறது. விரைவு வரிசைகளுள் நியாயமானது இது ஒன்றே எனலாம். எனினும் குடும்பத்தார் சேர்ந்து அமர முடியாது. டிஸ்னியில் 7 வயதுக்குட்பட்ட குழந்தை, 14 வயதேனும் நிறைந்த துணையின்றி ஏற இயலாது. மில்லெனியம் ஃபால்கன் சவாரியில் இரு விமானிகள், இரு துப்பாக்கி இயக்குநர்கள், இரு பொறியாளர்கள் என ஆறு இருக்கைகள் இருக்க, தனியாக வருபவருக்குப் பெரும்பாலும் பின்னால் உள்ள பொறியாளர் இருக்கையே வாய்க்கும். கைக்குழந்தையோடு செல்லும் பெற்றோருக்கு இதைவிட ஏற்றது ரைடர் சுவிட்ச் என்னும் ஏற்பாடு: ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் சவாரி முடித்து வந்ததும், காத்திருந்தவர் மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் ஏறிவிடலாம்.

உடலால் நிற்காமல் கைபேசியில் இடம்பிடிக்கும் மெய்நிகர் வரிசையைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் தொடங்கிய ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ் போன்ற புதுச் சவாரிகள் தொடக்கக் காலத்தில் இம்முறையில் இயங்கியபோது, இடங்கள் சில நொடிகளில் தீர்ந்துபோயின. இடம் பெற்றவர்களோ நடைபாதைகளிலும் மற்ற வரிசைகளிலும் சென்று குவிந்தார்கள். இதனினும் நேர்த்தியானது, மேஜிக் கிங்டத்தில் 2012இல் டம்போ சவாரியை இரட்டிப்பாக்கியபோது செய்த ஏற்பாடு: எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு சவாரிகளுக்கும் பொதுவாக ஒரு கூடாரம், நுழையும் குடும்பத்தின் கையில் அதிரும் சிறு கருவி, அது அதிரும்வரை குழந்தைகளுக்கு உள்ளே விளையாட்டுத் திடல்.

இவை எல்லாவற்றையும் ஒப்பிடுகையில், பெரும்பாலான குடும்பங்களுக்குப் பணத்தைவிடக் கடிகாரமே கூடுதல் பயன் தரும். டிஸ்னி வேர்ல்டு விடுதிகளில் தங்குவோர் அறிவித்த நேரத்துக்கு அரை மணி முன்பே உள்ளே செல்லலாம். மற்றவர்களும் வாயில் திறப்பதற்கு முன்பே வந்து நின்றால், பகல் முழுதும் நீண்டு கிடக்கும் வரிசைகளை முதல் ஒரு மணி நேரத்தில் எளிதில் கடக்கலாம். இரவிலும் அத்தகைய வாய்ப்பு ஒன்று உண்டு: பூங்கா மூடும் நேரத்துக்குள் வரிசையில் சேர்ந்துவிட்ட அனைவரையும் ஏற்றிய பிறகே சவாரியை நிறுத்துவது டிஸ்னியின் நடைமுறை என்பதால், குழந்தைகள் தூங்கிவிடாத பட்சத்தில், மிகப் புகழ்பெற்ற சவாரியின் வரிசையில் கடைசிச் சில நிமிடங்களில் சேர்வது, அவ்வரிசைக்காக மாலைப்பொழுதைச் செலவிடாமல் வாணவேடிக்கையையும் பார்த்து முடிக்க இடம்தரும்.