மீட்டரைப் படம் எடுத்தாச்சா?

இந்த மாதப் பாடம் வாடகை வீட்டுப் பில்லைப் பற்றியது.

பேராக்கிலிருந்து கிள்ளானுக்கு வேலைக்கு வந்த நம்ம பிள்ளைகள் மூவர், மாதம் 1,000 ரிங்கிட்டுக்கு ஒரு வீடு எடுத்தார்கள். முதல் மாதக் கரண்டு பில் 412 ரிங்கிட்! மூவரும் பகல் முழுக்க வேலையில் இருப்பவர்கள். வீட்டில் ஏர்கோன்கூடக் கிடையாது.

விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. முன்பு குடியிருந்தவர்கள் காலத்தில் கேட் பூட்டியே இருந்ததால், மீட்டரைப் பார்க்காமல் அனுமானக் கணக்கில் பில் வந்திருக்கிறது. இந்த மாதம் உண்மையான அளவை எடுத்ததும் பழைய பாக்கி மொத்தமும் இவர்கள் தலையில் விழுந்துவிட்டது. வீட்டுக்காரர், "இப்ப நீங்கதானே இருக்கீங்க, நீங்கதான் கட்டணும்" என்று சொல்லிவிட்டார். சாவி வாங்கிய அன்று மீட்டர் எண் எவ்வளவு என்று மூவருக்கும் தெரியாது. வேறு வழியில்லாமல் கட்டினார்கள்.

ஒரே ஒரு படம் இருந்திருந்தால் பேச்சே வேற. ஆகவே இவற்றைக் கவனியுங்கள்.

1. சாவி வாங்கும் நாளிலும் திருப்பிக் கொடுக்கும் நாளிலும் கரண்டு மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டையும் படம் எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதியோடு சாட்சி ஆகிவிடும்.

2. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, அவரிடம்தான் டிஎன்பி பணம் கேட்கும். பெரும்பாலும் அது வீட்டுக்காரர் பெயராக இருக்கும். அதனால்தான் இரண்டு மாத வாடகை டிபாசிட்டோடு, பில்லுக்கென்று அரை மாத வாடகையும் வாங்குகிறார்கள். கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றினால், வீட்டை விடும்போது மறக்காமல் மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் போடும் விளக்குக்கும் உங்கள் பெயரில் பில் வரும்.

3. நம் நாட்டில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. கரண்டு, தண்ணீர், இண்டா வாட்டர், வைஃபை ஒவ்வொன்றையும் யார் கட்டுவது, டிபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுங்கள். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது.

4. தகராறு வந்தால் பயப்பட வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தால்கூட, நீதிமன்றம் வழியாகத்தான் அவரை வெளியேற்ற முடியும் என்று 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றக் கூடாது. டிபாசிட் திரும்பவில்லையா? 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு வழக்காகக் கேட்கலாம்.

உரிமையை மட்டும் பேசிவிட்டுக் கடமையை விட்டால் பாடம் பாதிதான். பில் வந்த வாரமே கட்டுங்கள். ரசீதை வைத்திருங்கள். கூட இருக்கும் நண்பர் நடுவில் வெளியேறினால், அன்றைய மீட்டர் எண்ணை வைத்து அவர் பங்கை அன்றே தீர்த்துவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்டா" என்று விட்டுத்தான் எத்தனையோ நட்பு கெட்டிருக்கிறது. பில் குறையட்டும் என்று மீட்டரில் கை வைக்க யாராவது யோசனை சொன்னால், உடனே மறுத்துவிடுங்கள். 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டப்படி அது குற்றம்.

அந்த மூவரும் இப்போது வேறு வீட்டில் இருக்கிறார்கள். பெட்டியை இறக்கும் முன்னே மீட்டரைத்தான் படம் எடுத்தார்களாம்!

இந்த வாரப் பயிற்சி: உங்கள் வீட்டுக் கரண்டு பில்லை எடுங்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறது? அதிலுள்ள அளவு உண்மையானதா, அனுமானமா? கண்டுபிடித்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.