முதுமையில் நடை

வயது கூடியதும், "வாப்பா, நீங்கள் உட்காருங்கள்" என்று அன்பாகத்தான் சொல்கிறோம். நிற்க முடிந்தவர் பர்ளுத் தொழுகையை நின்றே தொழ வேண்டும். உட்கார்ந்து தொழும் சலுகை இயலாதவருக்கே. நடக்காத கால் வலுவிழந்து, அந்த நிலையைச் சீக்கிரமே கொண்டுவந்துவிடுகிறதே!

இராமேஸ்வரத்து ஜைனுலாபிதீன் அவர்கள் அறுபதைத் தாண்டியும் சுபுஹு தொழுதபின் நாலு மைல் நடந்து தென்னந்தோப்புக்குப் போவார்கள். பத்துப் பன்னிரண்டு தேங்காயைத் தோளில் சுமந்து வந்தே பசியாறுவார்கள். மகனார் அப்துல் கலாம் எழுதியுள்ள செய்தி இது. நூறு வயதைக் கடந்து, 1976இல் வபாத்தானார்கள்.

பள்ளிக்கு அருகே குடிபெயர விரும்பிய பனூ ஸலிமா கூட்டத்தாரை, காலடிகள் எழுதப்படுகின்றன என்று கூறி நபி (ஸல்) அவர்கள் பழைய இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். மூட்டுவலிக்காரர் தடியூன்றி மெதுவாகப் போகட்டும். இருட்டு நேரத்தில் பேரனைத் துணைக்கு அனுப்புங்கள்.