சன்னலோரத்தில் ஒரு நாற்றங்கால்

நெடிய சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று: “வீட்டிற்குள் செடி வளர்க்கலாமா?” பெரும்பாலோர் வளர்க்கலாம். ஆனால், மண்ணைத் தொடுபவர் யார் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

மண்ணிலும் மட்கிய உரத்திலும் ஆஸ்பெர்ஜிலஸ் என்னும் பூஞ்சையின் நுண்வித்துகள் இயல்பாகவே உள்ளன. நலமுடன் இருப்போர் அவற்றை நாள்தோறும் சுவாசித்தும் நோயுறுவதில்லை. கீமோதெரபி பெறுவோருக்கும், உறுப்பு மாற்றத்திற்குப் பின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போருக்கும் அவையே நுரையீரலில் கடுந்தொற்றை உண்டாக்கக்கூடும். எனவே இவர்கள் இல்லத்தில் உரம் கலத்தல், தொட்டி நிரப்புதல், நாற்றை மாற்றி நடுதல் ஆகிய பணிகளை வீட்டாரே வெளியில் வைத்துச் செய்ய வேண்டும். இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் நோயாளியின் அறையில் தொட்டியே வேண்டாம். மற்ற நோயாளிகள் கையுறை அணிந்து தாமே செய்யலாம். முடிவில் சோப்பிட்டுக் கை கழுவுதல் எல்லோருக்கும் பொது.

செய்முறை எளிது. அடியில் துளையிட்ட குவளைகளில் தென்னை நார்த்தூளையும் மண்புழு உரத்தையும் சம அளவில் கலந்து நிரப்புக. மிளகாய் விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுக. வெதுவெதுப்பான இடத்தில் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் முளைக்கும். கொத்தமல்லியின் ஒவ்வொரு மணியிலும் இரு விதைகள் உள்ளன. மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும். அது வேர் கலைவதைப் பொறுக்காது. ஆகவே வளர வேண்டிய தொட்டியிலேயே விதைப்பது நலம். துளசி விதை மிகச் சிறியது. மேலே தூவினாலே போதும்.

முளைத்தவுடன் வெளிச்சம் தேவை. குறைந்தால் தண்டு மெலிந்து நீளும். நீர் மிகுந்தால் தண்டு அடியில் அழுகி நாற்று சாயும். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் தெளிக்க வேண்டும். மிளகாய் நாற்றை ஏறத்தாழ 40 நாட்களில் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். கடையில் வாங்கும் விதைகளில் நிறம் பூசியிருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி மருந்து. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்.

மண்ணைத் தொடாத நோயாளிக்கும் பணி உண்டு. எதை விதைப்பது என்று தேர்ந்தெடுப்பது, விதைத்த நாளை நாட்காட்டியில் குறிப்பது, முளைகளை எண்ணுவது, இன்று நீர் வேண்டுமா என்று சொல்வது ஆகியவற்றை அவரிடமே விட்டுவிடுங்கள். பல மாதங்களாகப் பிறர் தமக்காக முடிவெடுக்கக் கண்டவர் அவர்.

எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியசை (100.4 பாரன்ஹீட்) எட்டினால், துளசிக் கஷாயம் காய்ச்சிக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வீட்டில் தொட்டி இருப்பதையும் மறவாமல் தெரிவியுங்கள்.