பெயர் மாறிய நுண்ணுயிர்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற பகாங் மாநிலம், டுரியான் சுளையைப் புளிக்க வைத்துச் செய்யும் தெம்போயாக்குக்கும் பெயர்பெற்றது. பாலைத் தயிராக்குவது போலவே, சுளையைப் புளிக்கச் செய்வனவும் இலாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களே. நுண்ணோக்கியில் இவற்றுள் பல ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே, மரபணுக்களை ஒப்பிட்டு இனம் பிரிக்கின்றனர்.

மலேசியத் தெம்போயாக்கில் கண்ட ஓர் இனத்திற்கு 2002ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ‘லாக்டோபசிலஸ் டுரியானிஸ்’ எனப் பெயரிட்டனர். 2006இல் மீண்டும் ஒப்பிட்டபோது, அது மாட்டுச் சாணத்தில் முன்பே கண்டறியப்பட்ட இனமே என்பது தெரிந்தது. விதிப்படி முந்தைய பெயரே நிலைத்தது. டுரியானின் பெயர் நீங்கியது.

2020இல் முழு மரபணுத் தொகுதிகளையும் ஒப்பிட்டு, லாக்டோபசிலஸ் பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்தனர். இந்த இனமும் புதிய பேரினம் ஒன்றில் சேர்ந்தது. புதிய சான்று கிடைத்தால் பழைய முடிவைத் திருத்திக்கொள்வதே அறிவியல்.